பின்சீட்டின் இடப்பக்கம்

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில்தான் விஜேந்திரன் அதைக் கவனித்தான். வீட்டு முன்வாசலில், தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தியிருந்த கார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும் மட்காட்டுக்குள் புதைந்து கிடந்தது. மற்றச் சக்கரங்களுக்கு மேலே உள்ளங்கையை நுழைக்கலாம். இங்கே சுண்டுவிரல்கூடப் போகவில்லை. டயரை உதைத்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. உள்ளே ஏறி எஞ்சினைப் போட்டதும் அடியில் எங்கோ கம்பிரசர் முனகியது. கார் அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்கிக்கொண்டு நேரானது.

அது ஸ்பிரிங்கில் நிற்கிற கார் அல்ல. நான்கு மூலையிலும் ரப்பர் பைகளில் கம்பிரசரால் காற்றை அடைத்து, அந்தக் காற்றின்மேல் நிற்கிற கார். கொழும்பில் ஒருவர் ஓட்டிச் சலித்ததை இரண்டாம் கையாக வாங்கியிருந்தான். ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவனுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று அப்பா நாகலிங்கமே கேட்டார். கேட்டவர், முதல் தடவை அதில் ஏறி உட்கார்ந்ததும் சிரித்துவிட்டார். "தொட்டில்ல போட்ட மாதிரி இருக்குடா" என்றார். அன்றிலிருந்து பின்சீட்டின் இடப்பக்கம் அவருடையது. வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் முகம் சுருங்கிப்போகும்.

"காத்துப் பை போயிருக்கும் மொதலாளி. இந்தக் குளிருக்கு ரப்பர் தாங்காது" என்றார் கராஜ்காரர் சின்னராசா. சவர்க்கார நுரையைப் பூசி ஓட்டை தேடினார். ஒரு குமிழிகூட வரவில்லை. இருந்தாலும் பையை மாற்றினார், குழாயை மாற்றினார், வால்வையும் மாற்றினார். காரைக் கராஜிலேயே நிறுத்தி வைத்துப் பார்ப்போம் என்றார். மறுநாள் விஜேந்திரன் போனபோது அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"ஓட்டையா இருந்தா தரை மட்டும் எறங்கிப் போயிரணும்ங்க. இது ஒரு அளவுக்கு எறங்குது, அப்புறம் நின்னுருது. ஆள் ஏறி ஒக்காந்தா எவ்வளவு எறங்குமோ, அவ்வளவுதான்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"தெரியலிங்க." அவர் எழுந்து கையைத் துடைத்தார். "எஞ்சின் ஓடுறப்போ தானா தூக்கிக்குது. ஓட்டுறதுக்குப் பயமில்ல. நிப்பாட்டினாத்தான்."

அதற்குப் பிறகு விஜேந்திரன் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் கடையிலிருந்து வெள்ளென வந்து, காரை நிறுத்திவிட்டு, மழை கொஞ்சம் விடட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தான். தகரத்தில் தூறல் விழுந்தது. எஞ்சின் சூடு குறைந்து எங்கோ இரும்பு டிக் டிக்கென்று சுருங்கியது. கீழே ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறி வந்து முன்கண்ணாடியை வெள்ளையாக மூடியது. அப்போது முதுகுக்குப் பின்னால், இடப்பக்கமாக, ஒரு நீளமான மூச்சு. ஸ்ஸ்ஸ். அத்துடன் கார் மெதுவாக அந்தப் பக்கம் தாழ்ந்தது.

அப்பா எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான். கடையில் ஸ்டூலில் உட்காரும்போதும் கோயில் படியில் உட்காரும்போதும், பல்லிடுக்கில் நீளமாக ஒரு மூச்சை விட்டுவிட்டுத்தான் உடம்பைக் கீழே இறக்குவார். பைக்குள் இருக்கும் காற்று வால்வு வழியே போகும் சத்தம் அது என்று விஜேந்திரன் தனக்குச் சொல்லிக்கொண்டான். காற்றுக்கு, அப்பா நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசனை எப்படி வரும் என்பதைப் பற்றி யோசிக்கவில்லை. பின்னால் திரும்பாமலே கதவைத் திறந்து மழையில் இறங்கினான்.

உண்மையில் அவனுக்குக் காரணம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தான், அவ்வளவுதான்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிரித்தபோது, வீட்டில் போய்ச் சாகிறேன் என்றார் அப்பா. அம்மா யோகேஸ்வரிக்கு வேறொரு பயம். வழியில் உயிர் போனால் பொலிஸ் தலையிடும், உடம்பை வெட்டித் தைத்துத்தான் கொடுப்பார்கள் என்று யாரோ அவள் காதில் ஓதியிருந்தார்கள். காரில் ஏறுமுன் விஜேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒடம்புல கத்தி படக் கூடாது விஜி. எனக்கும் அப்படித்தான். சொல்லிட்டேன்."

கித்துல்கலை தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது அப்பாவின் மூச்சுச் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தான். பெல்ட் போட்டபடி, கம்பளிச் சால்வைக்குள், வாய் லேசாகத் திறந்தபடி இருந்தார். பக்கத்தில் அம்மா அவருடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நல்லவேளை, தூங்குகிறாள் என்று நினைத்தான். வண்டியை நிறுத்தவில்லை. அழக்கூட இல்லை.

கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் பொலிஸ் மறித்தது. மழைக்கோட்டுப் போட்ட பொலிஸ்காரர் குனிந்து, பின்னால் யார் என்று சிங்களத்தில் கேட்டார். சுகமில்லாத அப்பா, தூங்குகிறார் என்றான். பொலிஸ்காரரின் பார்வை அந்த முகத்தை விட்டு நகரவில்லை. விஜேந்திரன், உயிரோடிருக்கும் மனிதரிடம் பேசுவது போலவே பின்னால் திரும்பிச் சத்தமாகச் சொன்னான்: "அப்பா, எறங்க வேணாம். நான் சொல்ற வரைக்கும் அப்படியே ஒக்காந்திருங்க."

பொலிஸ்காரர் கையசைத்துப் போகச் சொன்னார்.

வெளியூரில் செத்தவரை வண்டியில் கொண்டுவந்தால் அவர்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வாசலில் நிறுத்தி, உடம்பைத் தொடுவதற்கு முன்னால், "வீடு வந்துருச்சு, எறங்குங்க" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுத்தான் தூக்குவார்கள். பிறகு சீட்டில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். வாடகை வேன்காரர்கள்கூட இதை மறப்பதில்லை. ஆனால் உயிரோடு வந்ததாகக் காட்டவேண்டிய ஒருவரை அப்படி இறங்கச் சொல்ல முடியுமா? வீட்டு வேலைக்கு வரும் காளியாயியும் அக்கம்பக்கத்து ஆட்களும் வாசலில் நின்றார்கள். "மூச்சு இருக்கு, புடிங்க, புடிங்க" என்று அவனே கத்தினான். கட்டிலில் கிடத்திய பிறகுதான் ஓவென்று அழுதான். நாகலிங்கம் முதலாளி தன் வீட்டில், தன் கட்டிலில் கண்ணை மூடினார், கொடுத்து வைத்தவர் என்று ஊரே பேசியது.

இறங்கச் சொல்லி மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு சொல்லியிருக்கலாம்தான். எத்தனையோ தடவை காருக்குப் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்திருக்கிறான். சொன்னால், உள்ளே ஆள் இருப்பதை ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும். சொல்லி முடித்ததும் அந்தக் கதவு திறந்துகொண்டால் என்ன செய்வது? மனைவி பிரியந்தினி தலைப்பிரசவத்துக்குப் பட்டிப்பொலைக்கு, தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தொலைபேசியில் அவளிடம் சொல்லுகிற விஷயமா இது! விற்றுவிடலாம் என்று பார்த்தான். வாங்க வந்தவர் காரைச் சுற்றி வந்து, அந்தப் பின்சக்கரத்தைப் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போனார்.

அம்மா அதற்குள் பாதியாகிவிட்டாள். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பின்னேரமானால் முன்வாசலுக்கு வந்து, காரின் இடது பின்கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். துக்கம், காலப்போக்கில் ஆறும் என்று விஜேந்திரன் விட்டுவிட்டான். ஒருநாள் அந்தக் கதவுக்குக் கீழே நிலத்தில் ஒரு தம்ளர் தேத்தண்ணி இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"ஆறிப் போச்சு" என்றாள். தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேறு ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தாள்.

மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில் மலையெல்லாம் ஊறிப்போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆகாயம் இருண்டு, வீட்டுக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது. அடுப்படியில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டு விஜேந்திரன் ஓடினான். அம்மா சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பது போல் இழுத்தாள். காளியாயி அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நிக்காதீங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, இப்பவே!"

அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவில் மண் சரிந்து கிடக்கிறது, ஒரு பக்கமாகத்தான் வண்டி விடுகிறார்கள், வரச் சுணங்கும் என்றார்கள். ஆட்டோக்காரன் கிஷாந்துக்கு அடித்தான். அவனும் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்தான். "ஒங்க கார் இருக்குத்தானேங்க அண்ணே" என்றான் கிஷாந்த். ஆமாம், கார் இருந்தது.

முன்வாசலுக்கு ஓடினான். கார் அன்றைக்கு என்றுமில்லாத அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. இடது பின்பக்கம் ஏறக்குறைய தரையில். மட்காட்டின் விளிம்பு டயரின் மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினைப் போட்டான். கம்பிரசர் முனகியது, இரைந்தது, கடைசியில் திணறி நின்றது. டாஷ்போர்டில் காரின் சின்னப் படத்தில் அந்த மூலை மட்டும் சிவப்பாக எரிந்தது. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். டயர் தகட்டில் உராய்ந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. இப்படியே இறக்கத்தில் போனால் முதல் வளைவிலேயே டயர் வெடிக்கும். அணைத்தான். போட்டான். அணைத்தான். போட்டான். உள்ளேயிருந்து அம்மாவின் இழுப்பு கேட்டது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் மற்றப் பயமெல்லாம் சின்னதாகிவிட்டது.

இறங்கிப் போய் இடது பின்கதவுக்கு முன்னால் நின்றான். கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. ஆளிருக்கும் காரில் படிவது போல.

"அப்பா" என்றான். காறிக்கொண்டு மறுபடி சொன்னான். "அப்பா. வீடு வந்துருச்சு. எறங்குங்க."

மழைதான் பெய்தது.

"எறங்குங்கப்பா. நான்தான் இருக்கச் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன். அம்மாவைக் கொண்டு போகணும். எறங்குங்க!" கூரையில் அறைந்தான். அழுதான். கெட்ட வார்த்தைகூட வாயில் வந்தது. பெற்ற தகப்பனை அவன் அப்படி ஏசியதே இல்லை. கார் ஒரு நூல்கூட அசையவில்லை. காளியாயி வாசல்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நிமிடம் எல்லாம் விளங்கியிருக்கவேண்டும். உள்ளே போய், ஒரு செம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறக்க அவள் துணியவில்லை. வெளியிலிருந்தே தெளித்தாள். கண்ணாடியில் மஞ்சள் வழிந்து இறங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை.

"அம்மாவை ஏத்திட்டுப் பாப்போம்" என்றான் விஜேந்திரன். வேறு வழி தெரியவில்லை. இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வந்தார்கள். காற்று மாதிரி இருந்தாள். வலப்பக்கத்துக் கதவைத் திறந்து, ஓட்டுகிறவனுக்கு நேர் பின்னால் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பெல்ட்டைப் போட்டான். அப்போதும் அவன் கண் இடப்பக்கம் போகவில்லை. போகவிடவில்லை.

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டான். கம்பிரசர் முனகியது. இம்முறை நிற்கவில்லை. இடது பின்பக்கம் சிணுங்கிக்கொண்டு, விரல் விரலாக, மேலே ஏறியது. சிவப்பு அணைந்தது.

"எறங்கிட்டாரு! காளியாயி அக்கா, எறங்கிட்டாரு! ஏறுங்க, அம்மாவைப் புடிச்சுக்கங்க, பின்னால ஏறுங்க!"

காளியாயி இடது பின்கதவின் பிடியில் கையை வைத்தாள். கொஞ்சம் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மெதுவாக, சத்தம் வராமல், மறுபடி சாத்தினாள்.

"எடமில்லைங்க தம்பி" என்றாள். அப்படியே பின்னுக்கு நடந்து போனாள்.

யோசிக்க நேரமில்லை. யோசிக்கவும் அவன் விரும்பவில்லை. தலையணையையும் அம்மாவின் துணிப்பையையும் பார்த்திருப்பாள் என்று முடிவு கட்டினான். துணிப்பை முன்சீட்டில் இருந்தது.

தோட்டத்து ரோட்டில் கார் இறங்கியது. இரண்டு பக்கமும் தேயிலை, அதற்குமேல் பனி, அதற்குமேல் ஒன்றுமில்லை. வெளிச்சத்தைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. வெட்டுவாய்க்கால்களில் சிவப்புத் தண்ணீர் ரோட்டைத் தாண்டி ஓடியது. கார் அத்தனை பள்ளத்திலும் மெத்தென்று ஏறி இறங்கியது. பின்னால் அம்மாவின் இழுப்பு கேட்டுக்கொண்டே வந்தது. அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு உயிர் வந்தது. இழுக்கிறவரைக்கும் இருக்கிறாள். நோர்வூட் கடைகளைத் தாண்டினான். பாலத்தைத் தாண்டினான். பெரிய ரோட்டில் ஏறியதும் இழுப்பு கொஞ்சம் தணிந்து, அம்மா தெளிவாகப் பேசினாள்.

"ஏன்டா அவரை அப்படி ஏசுன?"

"யாரைம்மா? பேசாதீங்க. இந்தா வந்துட்டோம்."

"நீ சொன்னா எறங்குவாரா? நான்தானே இருக்கச் சொன்னேன்."

விஜேந்திரன் கண்ணாடியில் பார்த்தான். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவளுடைய வலது கை. இடது கை பக்கத்துச் சீட்டில், எதையோ பொத்திப் பிடித்த மாதிரி.

"அன்னைக்கு நீங்க தூங்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கை ஜில்லுன்னு ஆச்சு. எனக்குத் தெரியாதா? நீ தெரியக் கூடாதுன்னு ஓட்டிட்டு இருந்த. பாவமா இருந்திச்சு, சும்மா இருந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "காதுக்குள்ள சொன்னேன். தனியாப் போயிராதீங்க. நான் வந்து ஏறுற வரைக்கும் இங்கனயே இருங்கன்னு."

ரோடு வளைந்தது. அவன் வளைத்தான். கை தானாக வளைத்தது. இந்த உலகத்தில் அவளைக் காப்பாற்றக் கிடைத்த ஒரே வண்டி. அந்த வண்டியில் கொண்டுவந்து, தன் கையாலேயே பெல்ட்டையும் போட்டு உட்காரவைத்திருக்கிறான். நிறுத்தி இறக்கிவிடலாமா? இந்த மழையில், பனியில், ரோட்டோரத்தில், மூச்சு நிற்கப்போகிற தாயை? ஓட்டினால் ஆஸ்பத்திரி. நிறுத்தினால்...

நிறுத்தக் கூடாது. அதுதான் வழி. எஞ்சின் ஓடுகிறவரைக்கும் ஒன்றுமில்லை என்று சின்னராசா சொன்னார்.

"அம்மா, எறங்கச் சொல்லுங்க." அவன் குரல் சின்னப் பையனுடையது போல உடைந்தது. "நீங்க சொன்னா கேப்பாரு. ஒங்களைக் கும்புட்டுக் கேக்குறேன். எறங்கச் சொல்லுங்கம்மா."

"இந்த மழையிலயா?" என்றாள் அம்மா.

மண்சரிவு தெரிந்தது. மலைப்பக்கம் இடிந்து, தேயிலைச் செடிகளோடு பாதி ரோட்டில் கிடந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் சிவப்புக் கொடியைக் காட்டி நிறுத்தினான். விஜேந்திரன் ஹோர்னை அடித்தான். கண்ணாடியை இறக்கி, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று சிங்களத்தில் கத்தினான். அந்தப் பக்கத்து வண்டிகள் பாதிவழியில் வந்துகொண்டிருந்தன. அவை வந்தால்தான் இவனுக்கு வழி. கொஞ்சம் பொறுங்கள் மாத்தயா, அடுத்தது நீங்கள்தான் என்றான் கொடிக்காரன். பிரேக்கை மிதித்தபடி நின்றான். எஞ்சினை அணைக்கவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஸ்ஸ்ஸ்.

நீளமான மூச்சு. இடப்பக்கம்.

கார் தாழ்ந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. டாஷ்போர்டில் இடது மூலை சிவந்தது. கம்பிரசர் முனகவேயில்லை.

கொடிக்காரன் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். பின்னால் பாரம் கூடிப்போயிருக்கிறது மாத்தயா, இறக்கிவிட்டுப் போனால் நல்லது என்றான்.

"அம்மா, பேசுங்க. என்கூடப் பேசுங்கம்மா."

"தள்ளி ஒக்காருங்க" என்றாள் அம்மா. அவனிடம் அல்ல. குரலில் சலிப்பும் சிரிப்பும் இருந்தன. நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளின் குரல்.

"அப்பா, வேணாம். அப்பா! பிரியந்தினிக்குப் புள்ள பொறக்கப் போகுது. அம்மா பாக்கணும்ப்பா. ஒரு தடவை பாக்கட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போங்க. அப்பா!"

தைல வாசனை. கம்பளி வாசனை. ஈரம்.

அம்மாவின் இழுப்பு. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

ஸ்ஸ்ஸ்.

இது வலப்பக்கம். அவனுக்கு நேர் பின்னால்.

வலது மூலை சிவந்தது. காரின் பின்பக்கம் முழுவதும் ஒரே அளவாகத் தாழ்ந்தது. இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் அளவு. பிறகு நின்றது. மழைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இழுப்பு இல்லை.

அவன் திரும்பவில்லை. கழுத்து வளையவில்லை.

கொடிக்காரன் பச்சைக் கொடியைக் காட்டினான். பின்னாலிருந்த லொறி ஹோர்ன் அடித்தது. கொடிக்காரன் கிட்டே வந்து, குனிந்து, பின்சீட்டைப் பார்த்து, அம்மாவுக்கு எப்படி என்று கேட்டான்.

அந்த ஒடம்புல கத்தி படக் கூடாது. எனக்கும் அப்படித்தான். சொல்லிட்டேன்.

"தூங்குறாங்க" என்றான் விஜேந்திரன். சிங்களத்தில்தான் சொன்னான். அதே வார்த்தை. அதே குரல்.

கொடிக்காரன் தலையாட்டி விலகினான். கார் நகர்ந்தது. நகர்ந்ததும் கம்பிரசர் தானாக முனகி, பின்பக்கம் இரண்டு மூலையும் ஒன்றாக, ஒரே சீராக மேலே ஏறின. சிவப்பு இரண்டும் அணைந்தன. இனி எல்லாம் சரியான பாரம் என்று கார் ஏற்றுக்கொண்டுவிட்டது. சரிந்த மண்ணின் மேல் சக்கரங்கள் ஏறின. பள்ளம். கல். மறுபடி பள்ளம். அவன் பற்கள் அடித்துக்கொண்டன. முன்சீட்டிலிருந்த துணிப்பை கீழே உருண்டது.

அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தான்.

இடது சீட்டின் பெல்ட் வெளியே இழுபட்டு, மாட்டப்பட்டு, நடுவில் ஒன்றுமில்லாமல், ஒரு நெஞ்சின் அளவுக்குப் புடைத்து நின்றது. அம்மா அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. அவளுடைய தலை, தோள் உயரத்தில், வெறும் காற்றின்மேல் வைக்கப்பட்டிருந்தது. கன்னம் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கார் குலுங்கியது. எவ்வளவு குலுங்கியும் அந்தத் தலை விழவில்லை.